நாற்பது பாத்திரமும் ஒரு தட்டு உப்பும்

இனிமேல் தன் வீட்டில் ஒரு குடம் தண்ணீருக்கோ ஒரு விளக்குக்கோ யாரும் தவிக்கக் கூடாது என்று காஸ்பர் வாத்தியார் சபதம் செய்தது ஒரு புதன்கிழமை, காலைக் காபிக்கு முன்னால். வெறும் வயிற்றில் செய்கிற சபதம் எப்போதுமே ஆபத்து. சொல்லித் தடுக்க அந்த நேரம் பார்த்து ஐரினும் வீட்டில் இல்லை. பால் வாங்கப் போயிருந்தாள்.

யுத்த காலம் அது. சாந்தோமில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பூகோளமும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஞானோபதேசம் என்கிற வேதபாடமும் சொல்லிக்கொடுத்து வந்த காஸ்பர் வாத்தியார், ஏ.ஆர்.பி. வார்டனாகவும் சேர்ந்திருந்தார். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தால் தெரு ஜனங்களைக் காப்பாற்ற வேண்டிய உத்தியோகம். சம்பளம் கிடையாது. ஓர் இரும்புத் தொப்பியும் ஒரு விசிலும் உண்டு. சேர்ந்து ஒன்றரை வருஷமாகியும் அந்தத் தெருவில் ஒரு தென்னை மட்டைகூட விழவில்லை. அந்த வருத்தம் அவருக்கு உள்ளூர இருந்தது.

அன்று காலை தமுக்குக்காரன் வந்தான். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்து, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் வரை குழாய் ரிப்பேர், தண்ணீர் வராது, மின்சாரமும் நிற்கும் என்று டமடமவென்று அடித்துவிட்டுப் போனான். தெருவில் இருந்த ஒரே கிணற்றையும் குழாய் வந்த ஜோரில் மண் போட்டு மூடியாகிவிட்டது. மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் காதில் தேன் பாய்ந்தது.

ஐரின் பால் செம்போடு திரும்பி வந்தபோது, வாத்தியார் தலையில் தொப்பியோடு முற்றத்துக் குழாயடியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சமையலறையே வெளியே வந்து வரிசையில் நின்றது.

"என்னாங்க இது? வீடு மாத்தறோமா?"

"முன்னேற்பாடு!"

தொப்பி ஏறிவிட்டால் வாத்தியாருக்குப் பேச்சும் சர்க்கார் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

"சனி மாலை முதல் தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. இந்தத் தெருவில் தாகத்தால் மயங்கி விழும் முதல் குடும்பம் வார்டன் குடும்பமாக இருக்கக் கூடாது. அந்தச் செம்பை இப்படிக் கொடு."

"இதுல பால் இருக்குங்க."

"குடித்துவிட்டுக் கொடு."

மத்தியானத்துக்குள் அண்டா ரொம்பியது. தவலை ரொம்பியது. குடங்கள், குண்டான்கள், இட்லிக் கொப்பரை, நோரா குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய தொட்டி எல்லாம் ரொம்பின. ஊறுகாய் வாழையிலைக்குக் குடிபெயர்ந்து ஜாடியைக் காலி செய்து கொடுத்தது. சேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னாலிருந்த பூஜாடிகளும் தப்பவில்லை. மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியால் தெளிவாக எழுதினார்: 'குடிக்க.' 'சமைக்க.' 'குளிக்க.' 'கால் கழுவ.' 'தீயணைக்க.'

அடுப்பின் மேல் இருந்ததால் ஒரே ஒரு சட்டி பிழைத்தது.

ஐரின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அத்தனையும் அவள் அப்பா கொடுத்த சீர்ப் பாத்திரங்கள். அண்டாவின் கழுத்தில் அவள் பெயர்தான் வெட்டியிருந்தது.

"எல்லாம் சரிங்க. ஞாயித்துக்கிழமை நம்ம நோராவுக்குப் புதுநன்மை. முதல் தடவையா கோயில்ல நன்மை வாங்கப் போறா. முப்பது பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கோம். நான் எதுல சமைக்கிறது, உங்க தொப்பியிலயா?"

"தொப்பி சர்க்கார் சொத்து."

"அண்டா என் சொத்து. அதையும் தவலையையும் மட்டும் காலி பண்ணிக் குடுங்க."

"முடியாது! விருந்து முக்கியமா, உயிர் முக்கியமா? வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கோத்து, அரை டம்ளர் தண்ணீர். நெருக்கடியில் அது அமிர்தம்."

கதவோரம் நின்ற நோராவுக்கு எட்டு வயசு. அவள் உதடு பிதுங்கியது.

"என் கிளாஸ் ஃப்ளோரா புதுநன்மைக்கு பிரியாணி போட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க வீட்டுலயும் பிரியாணின்னு. எனக்கு மட்டும் பிஸ்கோத்தா அப்பா?"

"பிஸ்கோத்தில் சர்க்கரை இருக்கும், கண்ணு."

நோரா ஓவென்று அழ ஆரம்பித்தாள். வாத்தியார் விசிலை ஊதி அந்த விவாதத்தை முடித்துவைத்தார்.

வியாழக்கிழமை இருட்டு ஒத்திகை. மின்சாரம் நின்றால் வீட்டில் எப்படி நடமாடுவது என்று பட்டப்பகலில் பழக வேண்டுமாம். ஐரினுக்கும் நோராவுக்கும் கண்ணைத் துண்டால் கட்டினார். தனக்கும் கட்டிக்கொண்டார்.

"இப்போது இருட்டு! ஐரின், நெருப்புப் பெட்டி?"

"இந்தாங்க."

"விளக்கு?"

"இதோ. திரியும் ஏத்திட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மீசை பத்திக்கும்."

வாத்தியார் கண்கட்டைச் சற்று உயர்த்திப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீ துணி இடுக்கில் பார்த்தாய்!"

"எதுக்குப் பார்க்கணும்? தினமும் விடியறதுக்கு முன்னால இருட்டுல எழுந்து அடுப்பு மூட்டறது யாரு? அப்போ நீங்க குறட்டை. உங்களுக்குத்தான் ஒத்திகை வேணும், நடங்க."

நடந்தார். நாலாவது அடியில் 'கால் கழுவ' என்று எழுதிய தொட்டிக்குள் முழங்கால் வரை இறங்கினார். "காலைக் கழுவியாச்சு" என்றாள் நோரா, கண்ணைக் கட்டிக்கொண்டே.

பிழைத்த அந்த ஒற்றைச் சட்டியில்தான் இரண்டு நாளும் எல்லாம் நடந்தது. அதிலேயே காபி. அதிலேயே சோறு. அதிலேயே குழம்பு. வெள்ளிக்கிழமை என்பதால் மீன் குழம்பு. சாயங்காலக் காபியை வாயில் வைத்த வாத்தியாருக்கு வஞ்சிரம் கண்முன் துள்ளியது. ஆனாலும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பாத்திரம் கேட்பாள்.

அவர் சொல்லாமலே ஐரின் கேட்டாள்.

"கடைசியாக் கேக்கறேன். அண்டாவும் தவலையும் தருவீங்களா, மாட்டீங்களா?"

"வார்டன் என்ற முறையில் மாட்டேன்."

"அப்பா என்ற முறையில?"

"தொப்பி தலையில் இருக்கும்போது நான் வார்டன்."

"சரிங்க" என்றாள் ஐரின்.

கல்யாணமான பத்து வருஷத்தில் அவள் இந்த மாதிரி, குரலை இறக்கி, சிரித்த முகமாக, "சரிங்க" என்றது இதற்கு முன் மூன்றே தடவை. முதல் தடவைக்குப் பிறகு வாத்தியாரின் ஆர்மோனியம் கோயிலுக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு சீட்டாடக் கோடம்பாக்கம் போகிற வழக்கம் நின்றது. மூன்றாவது தடவையோடு பாலவாக்கத்தில் அவர் வைக்க இருந்த கோழிப்பண்ணை முட்டையிலேயே முடிந்தது. இதெல்லாம் ஒரு சாதாரணத் தலைக்கு ஞாபகம் வந்திருக்கும். இரும்புக்குள் இருந்த தலைக்கு வரவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆரோக்கியநாதன் சாமியார் வந்தார். புதுநன்மைக்கு முதல் நாள் பிள்ளையின் வீட்டை மந்திரித்துப் போவது அந்தக் கோயிலின் வழக்கம். பெரிய உடம்பு, பெரிய குரல். வாசலில் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்னறையில், நடையில், முற்றத்தில், கட்டிலுக்கு அடியில், எங்கே பார்த்தாலும் தண்ணீர்.

"தோத்திரம், சாமி" என்று குனிந்தார் வாத்தியார்.

"ஆசீர்வாதம். என்ன காஸ்பர், பிரளயத்து நோவாவுக்குப் போட்டியா?"

இந்தக் கேள்விக்காகத்தானே வாத்தியார் மூன்று நாளாகக் காத்திருந்தார். சாமியாரை ஒவ்வொரு பாத்திரமாக அழைத்துப் போய்க் காட்டினார். எத்தனை குடம், எத்தனை நாள் வரும், எதற்கு எது என்று விளக்கினார்.

"பேஷ்! இவ்வளவும் யாருக்கு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். 'எனக்கு' என்று சொல்ல நாக்கு எழவில்லை. போன ஞாயிறுதான் பிள்ளைகளுக்குப் பிறர்சிநேகம் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தார். அதைப் பின்னால் நின்று சாமியாரும் கேட்டிருந்தார். தெருப் பெண்கள் வேறு, மீன்காரத் தங்கமும் பக்கத்து வீட்டு ஹாஜிரா பீயும் முன்னால் நிற்க, வாசலை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எப்படி அத்தனை பேரும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை.

"எல்லாம்... ஜனங்களுக்குத்தான் சாமி" என்றார்.

"கேட்டீங்களா சாமி?" என்று உள்ளேயிருந்து ஐரின் வந்தாள். "மூணு நாளா இவர் ஒரு வாய் நல்ல காபி குடிக்கலை. எல்லாம் தெருவுக்காக. இந்தத் தண்ணியையும் மந்திரிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும்."

அவள் கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய உப்பு.

தண்ணீர் மந்திரிக்க உப்பு வேண்டும். அது வாத்தியாருக்கும் தெரியும். காலையிலிருந்து அந்தத் தட்டு மாடத்தில் இருந்ததைப் பார்த்திருந்தார். மாங்காய்க்கு என்று நினைத்திருந்தார்.

"சாமி, அது வந்து... உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"எனக்கு என்ன சிரமம்? உன்னைப் போல ஒரு ஆத்துமாவைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டுமே!"

சாமியார் பூசைப் பட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு லத்தீனில் ஜெபத்தை ஆரம்பித்தார். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிலுவை அடையாளம். 'கால் கழுவ' என்று எழுதிய தொட்டிக்கு வந்ததும் நின்றார். எழுத்தைப் படித்தார். வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கியின் ஓரத்தால் தானே அதை அழித்துவிட்டு மந்திரித்தார். நாற்பதும் முடிந்தபோது வாத்தியாரின் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

சாமியார் அடுத்த பிள்ளை வீட்டுக்குப் போனதும் வாத்தியார் ஐரின் பக்கம் பாய்ந்தார்.

"என்னடி செய்துவிட்டாய்! இப்போது இதில் குளிக்க முடியுமா?"

"மந்திரிச்ச தண்ணியில குளிக்கிறதா? சேசுவே!"

"கழுவ முடியுமா?"

"நீங்கதானே ஞானோபதேசத்துல சொல்லிக் குடுக்கறீங்க. தீர்த்தத்தைச் சாக்கடையில விடக் கூடாது, காலால மிதிக்கக் கூடாது, மரியாதையா வச்சுக் குடிக்கணும், வீட்டுல தெளிக்கணும், கேட்டவங்களுக்குக் குடுக்கணும். நோரா, அப்பா அப்படித்தானே சொன்னாரு?"

"ஆமாம்மா. பரீட்சையில கேட்டாரு. தப்பா எழுதினவங்களை முட்டி போடச் சொன்னாரு."

அதற்குள் தங்கம் குடத்தோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"இன்னா வாத்தியாரே, மலைச்சிப் போய் நின்னுக்கினு கீற? நவுரு. எந்தச் சாமி தண்ணியா இருந்தா இன்னா, எம் புள்ளைக்கு மூணு நாளா சுரம். ஒரு குடம் எடுத்துக்கினு போறேன்."

"ஒரு குடமா? தீர்த்தம் என்றால் ஒரு சின்னக் குப்பியில்..."

"ஜனங்களுக்குத்தான்னு சாமியார்கிட்ட நீதானே சொன்னே? நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அடுத்து ஹாஜிரா பீ. "நாங்களும் தர்காவுல ஓதின தண்ணி வாங்குவோம், மாஸ்டர். நல்ல மனசு உங்களுக்கு. அல்லா உங்களை நல்லா வைப்பான்" என்று வாழ்த்திக்கொண்டே இட்லிக் கொப்பரையைத் தன் குடத்தில் கவிழ்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை கோயிலில் தீர்த்தத்துக்கு விழுகிற கூட்டம் தெரு முழுக்க வந்தது. ஒவ்வொருத்தியும் வாத்தியாரை வாயார வாழ்த்தினாள். வாழ்த்த வாழ்த்தப் பாத்திரம் காலியாயிற்று. திண்டாடிப் போன வாத்தியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி பிடிக்கலாம் என்றால் குழாயடிக்கு வழியே இல்லை. ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது நாற்பது பாத்திரமும் மல்லாந்து கிடந்தன. ஆறு மணிக்குக் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஐந்து நிமிஷத்தில் விளக்கும் போனது.

"நான் சொன்னேன்!" என்று இருட்டில் வாத்தியாரின் குரல் கேட்டது. பாதி வெற்றி, பாதி அழுகை. "நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள். பிஸ்கோத்துக்கு அரை டம்ளர் தண்ணீர்கூடக் கிடையாது. என் மானம் போச்சு!"

"தூங்குங்க" என்றாள் ஐரின்.

ஞாயிறு காலை எல்லோரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கோயிலுக்குப் போனார்கள். நன்மை வாங்குகிறவர்கள் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்பது சட்டம். குடிப்பதற்கு வீட்டில் சொட்டும் இல்லை.

மழை மேகத்தில் விடியலே மங்கலாக இருந்தது. கோயிலில் மின்சார விளக்கு இல்லை. வெள்ளை உடுப்பும் பூமுடியும் வைத்த பிள்ளைகள் கையிலிருந்த மெழுகுவத்திகள் மட்டும் வரிசையாக ஏறி வந்தன. அந்தக் கோயிலை அவ்வளவு அழகாக யாரும் பார்த்ததில்லை. வாத்தியார் நோராவின் முகத்தைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கா பிஸ்கோத்து என்று அப்போதுதான் முதல்தடவையாகத் தோன்றியது. ஓடிப்போய் மயிலாப்பூரில் எங்கேயாவது தண்ணீர் வாங்கி, ஒரு கஞ்சியாவது காய்ச்சிவிட முடியாதா என்று பூசை முடியும்வரை தவித்தார்.

பூசை முடிந்து தெருமுனையைத் திரும்பியதும் மூக்கு முதலில் நின்றது. பிறகு கால் நின்றது.

பிரியாணி வாசனை.

ஹாஜிரா பீ வீட்டுக் கொல்லையில் மூன்று கல் வைத்து, பூசை நேரத்திலேயே ஹாஜிரா பீயும் தங்கமும் ஐரினின் அண்டாவை ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் தவலையில் கத்தரிக்காய்க் குழம்பு. ஐரினின் மற்ற பாத்திரங்கள் எல்லாம் வெங்காயமும் தயிரும் பாயசமுமாகப் பரந்து கிடந்தன. யுத்த கால வழக்கப்படி வந்தவர்கள் ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசியைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையின் மூலையில் ஹாஜிரா பீயின் செங்கல் தொட்டி. விளிம்பு வரை தண்ணீர்.

"இது... இது எங்கிருந்து வந்தது?"

"நேத்து ஒவ்வொருத்தியும் காலிக் குடத்தோடயா வந்தாங்கன்னு நினைச்சீங்க?" என்றாள் பூசை முடிந்ததுமே முந்தி வந்து அடுப்படியில் நின்ற ஐரின், புகையில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவங்கவங்க வீட்டுக் குழாயில பிடிச்சு, நிறைகுடமா வந்து இந்தத் தொட்டியில ஊத்திட்டு, அப்புறம் நம்ம வீட்டுல தீர்த்தம் ரொப்பிட்டுப் போனாங்க. ஒரு வீட்டுத் தண்ணி குறையலை. எனக்கு அண்டா வந்தது."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. சரிங்கன்னு."

சாப்பாடு அப்படி ஓர் அமர்க்களம். நோரா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஆரோக்கியநாதன் சாமியார் மூன்று தடவை. "காஸ்பரைப் போல எல்லோரும் முன்யோசனையோடு இருந்தால்..." என்று அவர் ஆரம்பித்தபோது தெருவே கை தட்டியது. வாத்தியாரும் நாலு கவளம் இறங்கியதும் தெம்பு வந்து, அது தன் யோசனைதான் என்று ஏறக்குறைய நம்பிவிட்டார்.

பந்தி முடிந்து, கை கழுவி, தொட்டி அடித்தரை தெரிந்தபோது மணி மூன்று. அவர் மறுபடியும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஐரின், விருந்து ஆயிற்று. பாத்திரங்களை இனி என்னிடம் ஒப்படை. நாளை தண்ணீர் வந்தவுடன் மறுபடி ரொப்ப வேண்டும்."

"தாராளமா எடுத்துக்கோங்க" என்று நகர்ந்து வழி விட்டாள் ஐரின்.

நாற்பதும் இருந்தன. நெய் வழிய, மசாலா அப்பி, அடிப்பிடித்து, ஈ மொய்த்து இருந்தன.

வாத்தியார் தொட்டியைப் பார்த்தார். வறண்டு கிடந்தது. ஒரு குண்டானை எடுத்துக்கொண்டு தங்கத்தின் வீட்டு வாசலுக்குப் போனார்.

"தங்கம், பாத்திரம் கழுவ ரெண்டு குடம் தண்ணி கொடேன்."

"எங்கிட்ட ஏது தண்ணி? நீ குட்த்த சாமி தண்ணிதான் கீது. அதுல எச்சிப் பாத்திரம் களுவறதா? பாவம் சுத்திக்கும் வாத்தியாரே!"

வீட்டுக்கு வீடு அதே பதில். தெருவில் அன்று இருந்த அத்தனை தண்ணீரும் வாத்தியார் பிடித்த தண்ணீர். அத்தனையும் மந்திரித்த தண்ணீர். ஹாஜிரா பீ வீட்டு நிழலில் பல் குத்திக்கொண்டிருந்த சாமியார் எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொரு வீட்டுப் பதிலுக்கும், "அப்படித்தான், அப்படித்தான்" என்று தலையாட்டினார்.

நாலு மணிக்குக் கடற்கரையில் ஒரு கைவண்டி வந்து நின்றது. காஸ்பர் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு, அலை ஓரத்தில் உட்கார்ந்து அண்டாவை மண் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். ஒவ்வோர் அலையும் ஒரு குண்டானை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு தடவையும் விசில் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். கரையில் நோரா பூமுடியோடு கைகொட்டிக் குதித்தாள். தங்கமும் ஹாஜிரா பீயும் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் கரி போகலை மாஸ்டர்," "அடில தேயி வாத்தியாரே, அடில" என்று உத்தரவு போட்டார்கள்.

தேய்க்கத் தேய்க்க அண்டா பொன்னாக மின்னியது. பத்து வருஷத்தில் அதை அவ்வளவு பளபளப்பாக ஐரினே பார்த்ததில்லை. எழுந்து வந்தாள். குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"என்னாங்க," என்றாள் அன்போடு, "நாளைக்குக் குழாயில தண்ணி வந்தாலும் நீங்க தேய்க்கிற இந்த ஏற்பாட்டை மாத்த வேணாம்."